ஒன்பது மாடி

புக்கிட் செராயாவில் வழி கேட்டால்
இன்றும் ஒன்பது மாடியிலிருந்துதான் தொடங்குவார்கள்.
ஒன்பது மாடி தாண்டி இடது கைப்பக்கம்.
ஒன்பது மாடி கண்ணில் படவில்லையா,
ஊரைத் தாண்டிவிட்டாய், திரும்பு.

உண்மையில் எட்டுதான்.
நாலு ஆகாத எண் என்று
தவுக்கே லிஃப்டில் அதை வைக்கவில்லை.
மூன்றுக்கு அடுத்த பித்தான் ஐந்து.
இல்லாத ஒரு மாடியையும் சேர்த்துத்தான்
எங்கள் ஊர் உயரமாயிற்று.

அறுபத்திரண்டில் எழும்பியது.
சுற்றிலும் பால்மரம், தகரக்கூரை,
ரயில் நிற்க யோசிக்கும் ஒரு ஸ்டேஷன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனம்
லோரி பிடித்து வந்து
லிஃப்டில் ஏறி, இறங்கி, திரும்பிப் போகும்.
"பிள்ளையைத் தூக்கிக்கோ, வயிறு குழையும்" என்று
சவரிமுத்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவார்.
ஒருத்தி செருப்பை வாசலில் கழற்றி வைத்து
வெறுங்காலோடு ஏறினாள்.
இறங்கியபோது செருப்பைக் காணோம்.

நான் ஆறில் இருந்தேன், அதாவது ஐந்தில்.
தட்டச்சு வேலை, மாதம் தொண்ணூறு வெள்ளி.
கிளென்மோர் தோட்டம், ஆயிரத்து நானூறு ஏக்கர்,
பத்துப் பத்தாய் நூற்று நாற்பது துண்டு.
வாங்குபவர் பெயருக்கு இடம் விட்டு
ஓர் அசல், நாலு கார்பன் நகல்.
நாலாவதில் எழுத்து பாசி பிடித்த மாதிரி இருக்கும்.
அதைத்தான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள்.

மேசைக்கு நேரே ஜன்னல்,
ஜன்னலுக்கு நேரே
எட்டாங்கட்டைக்கு அப்பால் அதே தோட்டம்.
வாளி சுமந்து நடந்தபோது முடிவே இல்லாதது
மேலிருந்து பார்த்தால் ஒரு கோரைப்பாய்.
இவ்வளவுதானா என்று தோன்றியது.
வருத்தம் என்று சொல்ல மாட்டேன்.
ஏர்கண்டிஷனில் கால் விறைத்திருந்தது,
பசி வேறு.

எண்பத்தேழாம் துண்டு:
மரங்களுடன், கிணறு ஒன்றுடன்,
ஆள் குடியிருக்கும் லயம் இரண்டுடன்.
ஆள் குடியிருப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும்.
அந்த ஒரு சொல்லுக்குள்
அப்பா, அம்மா, ஈளைத் தம்பி,
சந்தனமேரி அக்காவின் ஐந்து உருப்படி,
கட்டிப்போட்ட ஓர் ஆடு.
அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன்.
நாலாவது நகலும் தெளிவாய் விழட்டும் என்று
விரல் நோக ஓங்கிக் குத்தினேன்,
அப்பா கண்ணுக்குப் புலப்பட வேண்டுமே.
அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது
சாயங்கால பஸ்ஸில்தான்
நினைவுக்கு வந்தது.

மறு வருஷம் அப்பாவுக்கு
அதே கட்டடத்தில் ராத்திரி ஜாகா வேலை.
தோட்டத்தில் பெரட்டுக்கு எழும் நேரத்தில்
டார்ச் அடித்து மாடி மாடியாய்
ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வருவார்.
எதற்கு என்று கேட்டதற்கு
"நிரை பார்க்கிறேன்" என்றார்.
லிஃப்டில் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

போன மாதம் கண்ணாடி மாற்ற ஊருக்குப் போனேன்.
கீழே நம்பர் கடை, பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை.
மேலே ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து
முழங்கை நுழையும் ஓட்டைகள்.
உள்ளே ஒலிபெருக்கியில் பதிவு செய்த பறவைச் சத்தம்,
விடிய விடிய.
அதை நம்பி வந்த உழவாரக்குருவிகள்
என் மேசை இருந்த உயரத்தில்
எச்சிலால் வீடு கட்டுகின்றன.
கிலோ என்ன விலை என்று கடைக்காரர் சொன்னார்.
என் பென்ஷனில் எத்தனை மாதம் என்று
கணக்குப் போட்டு, நடுவில் விட்டுவிட்டேன்.

தூணில் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது.
புதுக் கண்ணாடிக்கு நல்ல சோதனை.
கட்டடம் காலி, குடியிருப்போர் எவருமில்லை,
மாடிகள் ஒன்பது.

தலைக்கு மேல் ஆயிரம் குருவி
அந்திக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தன.
பையில் பேனா இருந்தது.
எடுத்தேன்.
திருப்பிப் போட்டுவிட்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.